இடப்பக்கம் காலி

1999 ஜூன் 14, திங்கள், மைசூர்

கம்பெனியில் இந்த வாரம் சந்தன ஊதுபத்தி ஓடுகிறது. என் தலைமுடி, கைப்பை, டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதம் எல்லாமே கர்ப்பகிரகம் மாதிரி மணக்கின்றன. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் எந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாய் என்று கன்னடத்தில் கேட்டாள். ஊதுபத்திக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் என்றேன். பாவம், ஏமாந்துவிட்டாள்.

சாயங்காலம் ஸ்கேன் முடிவு வாங்க அம்மாவோடு போனேன். போன வாரம் பானிபூரி தின்றுவிட்டு மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேனே, அதற்காக எடுத்தது. வலி மறுநாளே போய்விட்டது. போன வலிக்கு முடிவு எதற்கு என்றேன். அம்மா கேட்கவில்லை.

டாக்டர் படத்தை விளக்கில் காட்டிப் பார்த்தார். வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் வாயு. ஆனால் இடப்பக்கம் கிட்னி இல்லை, பிறவியிலேயே இல்லை, பயப்பட வேண்டாம், நிறையப் பேர் இப்படி இருக்கிறார்கள், அடுத்தவரை வரச்சொல்லுங்கள். எல்லாம் ஒரே மூச்சில்.

இருபத்தேழு வருஷமாக இல்லாதது இன்றைக்குத்தான் தொலைந்தது.

ஆட்டோவில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். அக்ரஹாரம் சர்க்கிள் தாண்டியதும் சொன்னாள்: "ஆருட்டயும் மூச்சு விடக்கூடாது, அம்மணி. லீலாகிட்டக்கூட." அடுத்த மாதம் ஹனூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அம்மாவின் கவலை அதுதான்.

டயர் ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா முழுவதையும் கேட்டார். வலிக்குதா என்றார். இல்லை என்றேன். அப்ப சாப்பிடலாமா என்றார். சாப்பிட்டோம்.

ஜூன் 15

அம்மா என்னைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. எனக்குப் பிரமாதமான நாள்.

ஜூன் 17

குடம் மட்டுமில்லை. துணி துவைக்கக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது, தும்மினால்கூட அம்மா திரும்பிப் பார்க்கிறாள். குளிக்கும்போது இடப்பக்கம் தடவிப் பார்த்தேன். வலப்பக்கம் மாதிரியேதான் இருக்கிறது. அப்புறம் என்ன?

ஆனால் பகலில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு நினைப்பு வருகிறது. இருக்கிற ஒன்றும் கெட்டால்?

ஜூன் 19, சனி

லீலாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியுமா? பக்கத்து மேஜையில் நாள் முழுக்க என் முகத்தையே பார்ப்பவள். அவள் அதிரவில்லை, அழவில்லை. "அஷ்டேனா?" என்றாள். அவ்வளவுதானா என்று. அவள் அண்ணனுக்குக் கல் வந்தபோது இன்டர்நெட்டில் ஒரு கிட்னி டாக்டரிடம் கேட்டார்களாம். பெங்களூர் டாக்டர், பெயர் நஞ்சுண்டசாமி. யார் கேள்வி அனுப்பினாலும் அதே பக்கத்தில் பதில் போடுவாராம். நஞ்சை உண்டவர் பெயரில் கிட்னி டாக்டர்! பொருத்தம்தான்.

வேலை முடிந்து இருவரும் மஞ்சுநாத்தின் சைபர் கஃபேக்குப் போனோம். முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்த இடம். பலகைத் தடுப்புகளுக்கு நடுவே கம்ப்யூட்டர்கள். பையன்கள் உலகக் கோப்பை ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோடம் கோழி கத்துவது மாதிரி கத்திக் கடைசியில் இணைப்பு கிடைத்தது.

முதலில் மற்றவர்கள் கேள்விகளைப் படித்தோம். படித்துப் படித்துச் சிரித்ததில் மஞ்சுநாத் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். மங்களூர்க்காரர் ஒருவர், பீர் குடித்தால் கல் கரையுமா என்று கேட்டிருந்தார். டாக்டர் பதில்: பீர் கல்லைக் கரைக்காது, சிறுநீரை அதிகமாக்கும், தண்ணீரும் அதையேதான் செய்யும், மறுநாள் தலைவலி இல்லாமல். தும்கூரிலிருந்து ஒருவருக்கு முடி கொட்டுகிறதாம். அதற்கு: என் எல்லை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முதுகுப் பக்கம். தலை எனக்கு எட்டாது. என் தலையிலும் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் குவைத்திலிருந்து ஒருவர் சிறுநீரில் நுரை வருகிறது, கால் வீங்குகிறது என்று எழுதியிருந்ததற்கு ஒரு விளையாட்டும் இல்லை. இந்த வாரமே சிறுநீரும் ரத்தமும் சோதியுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று இரண்டே வரி. அதைப் பார்த்ததும்தான் இவரிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

மிஸ் லில்லி, மைசூர் என்று பெயர் போட்டேன். லீலா என் ஆங்கிலத்தைத் திருத்தினாள். ஒன்றே இருந்தால் எத்தனை வருஷம் இருப்பேன், கல்யாணம் செய்யலாமா, குழந்தை பெறலாமா? அனுப்பும் பொத்தானை லீலாதான் அழுத்தினாள்.

ஜூன் 21

பதில் இல்லை. மழையில் டெலிபோன் லைன் போய்விட்டது என்கிறார் மஞ்சுநாத். டாக்டருக்கு என் கேள்வி போய்ச் சேர்ந்ததா, சாமுண்டி மலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டதா?

ஜூன் 23, புதன்

வந்துவிட்டது! மஞ்சுநாத்தின் பிரிண்டர் வேலை செய்யவில்லை. படித்ததை என் தமிழில் எழுதி வைக்கிறேன்.

"மிஸ் லில்லி, பிறவியிலேயே ஒன்று இல்லாவிட்டால் மற்றது கொஞ்சம் பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். உங்களுடையது இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழ்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள். உப்பைக் குறையுங்கள். தாகம் எடுத்தால் தண்ணீர் குடியுங்கள், குடம் குடமாக வேண்டாம். வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். கல்யாணம் செய்யலாம். குழந்தை பெறலாம். கர்ப்பமானால் டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள், அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார்கள். இன்னொன்று: இப்படிப் பிறக்கும் பெண்களில் சிலருக்குக் கர்ப்பப்பையின் அமைப்பும் மாறியிருக்கும். ஒருமுறை ஸ்கேனில் அதைப் பார்த்துவிடுவது நல்லது."

நல்ல செய்தி எல்லாம் கண்ணில் படவே இல்லை. கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். என் ஸ்கேன் மேல்வயிற்றுக்கு மட்டும் எடுத்தது.

வலி மாத்திரை வேறு. மாதாமாதம் அந்த மூன்று நாளும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி பெப்பர்மின்ட் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே!

ஜூன் 26, சனி

அம்மாவுக்குத் தெரியாமல் லீலாவோடு போய் இரண்டாவது ஸ்கேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரச்சொன்னார்கள். குடித்தேன். அப்புறம் காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஒருவர், அவருக்கு முன்னால் ஒருவர். ஒரு கிட்னி இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. லீலா வேண்டுமென்றே அருவியைப் பற்றிப் பேசினாள். சனியன்.

கர்ப்பப்பை சரியாக இருக்கிறது. லேடி டாக்டர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். ரத்தம், சிறுநீர், அழுத்தம் எல்லாம் சரி.

வெளியே வந்து ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். லீலா வேர்க்கடலை வாங்கித் தந்தாள். உப்பில்லாதது.

ஜூன் 28

எல்லாம் சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனாலும் குடம் அவளேதான் தூக்குகிறாள். "சரியா இருந்தாலும் ஒண்ணு ஒண்ணுதான, அம்மணி."

ஜூலை 4, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய் சாமி படத்தின் முன்னால் நிறுத்தி, சொல்லமாட்டேன் என்று சொல்லச்சொன்னாள். சரி என்றேன். சரி என்பது சத்தியம் ஆகுமா?

பையன் பெயர் ரவிக்குமார். ஹனூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அப்பா மல்லப்பன், மீசைக்காரர், ராகியும் மஞ்சளும் போடுகிறவர். அம்மா பசம்மா, முட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சேதான். அப்பாவின் சொந்த ஊரான சத்தியமங்கலத்துக்கும் ஹனூருக்கும் நடுவில் ஒரு காடு, அவ்வளவுதானே. அப்பாவுக்கு ஒரே குஷி.

எங்கள் இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். கொடியில் என் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார். கையில் கிரீஸ் கறை தேய்த்தும் போகாமல் நகக்கண்ணில் இருந்தது. உங்கள் மேல் சந்தனம் மணக்கிறது என்றார். கம்பெனி வாசனை, அடுத்த வாரம் மல்லிகை என்றேன். சிரித்தார். பல் வரிசையில் ஒன்று குறுக்கே நிற்கிறது. சிரித்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

பிடித்திருக்கிறது. அதுதான் தொல்லை.

ஜூலை 5

ஹனூரிலிருந்து போன். அவர்களுக்கும் பிடித்திருக்கிறதாம். அம்மா கேசரி செய்தாள்.

நான் மஞ்சுநாத் கடைக்குப் போய் மிஸ் லில்லியாக இரண்டாவது கேள்வி எழுதினேன். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்ல வேண்டுமா?

ஜூலை 8, வியாழன்

"மிஸ் லில்லி, இது கிட்னிக் கேள்வி இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டியவர்கள் மூன்று பேர். உங்களுக்கு மாத்திரை எழுதுகிறவர், பிரசவம் பார்க்கப் போகிறவர், நீங்கள் மயங்கி விழுந்தால் முதலில் ஓடி வரப் போகிறவர். மூன்றாமவர் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்."

அடப்பாவி மனுஷா. பொய் சொல்லு என்றும் சொல்லமாட்டார், உண்மை சொல்லு என்றும் சொல்லமாட்டார்.

ஜூலை 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்திருந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க இன்றைக்கு மைசூர் வருவதாக இருந்தாராம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹோட்டலில் சந்தித்தோம். காவலுக்கு லீலா, இரண்டு மேஜை தள்ளி, மசால் தோசையோடு.

இட்லி வரும்வரை அவர் பஸ்ஸைப் பற்றியும் நான் மழையைப் பற்றியும் பேசினோம். இட்லி வந்ததும் சொன்னேன். ஒப்பித்துக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. எனக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னிதான், போன மாதம்தான் தெரியும், டாக்டர் பரவாயில்லை என்கிறார், அவ்வளவுதான்.

சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்த அவர் கரண்டி நின்றுவிட்டது.

"எந்தப் பக்கமுங்க?"

"இடது."

என் இடப்பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுச் சாம்பாரைப் பார்த்தார். டாக்டர் யார் என்று கேட்டார். நஞ்சுண்டசாமியைப் பற்றி, மஞ்சுநாத் கடையைப் பற்றி, மிஸ் லில்லியைப் பற்றி எல்லாம் சொன்னேன். இன்டர்நெட்டில் ஊர் அறியக் கேட்டீர்களா என்றார். பொய்ப் பெயரில் என்றேன். கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்களே."

"இருந்திருக்கலாம்."

"நா கொஞ்சம் யோசிக்கோணுமுங்க."

யோசிக்கச் சொன்னேன். எழுந்து போனார். இட்லியைத் தொடவே இல்லை. லீலா வந்து அதையும் சாப்பிட்டாள்.

மனசு லேசாக இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. இல்லை. கல்லாட்டம் இருக்குது.

ஜூலை 14

போன் இல்லை.

ஜூலை 15

இல்லை. நிச்சயத் தேதி கேட்டு ஏன் இன்னும் பேசவில்லை என்று அம்மா அப்பாவை நச்சரிக்கிறாள். நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. இனி ஆவணி வரை கல்யாணப் பேச்சு கிடையாது. எனக்கு ஒரு மாதத் தவணை.

ஜூலை 20, செவ்வாய்

இன்றைக்கு வந்த கோபத்தில் பேனா முனை வளைந்துவிட்டது.

மஞ்சுநாத் கடைக்குச் சும்மாதான் போனேன். டாக்டர் பக்கத்தைத் திறந்தால் புதிதாக ஒரு கேள்வி. கேட்டவர் ஆர்.கே., ஹனூர். நான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கு ஒரே கிட்னி. பிறக்கும் குழந்தைக்கும் அப்படி வருமா? வீட்டு வேலை, காட்டு வேலை செய்ய முடியுமா? என் பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா?

வேலை செய்ய முடியுமாவா? நான் என்ன மாடா? சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்கற மாதிரி! எங்கிட்ட யோசிக்கோணும்னு சொல்லிட்டுப் போயி ஊருக்கே கேக்கறாரு. வாய் இல்லியா, போன் இல்லியா?

முந்தாநாள் ஒரு டிராக்டர்க்காரர் கையில் கிரீஸோடு வந்து கீபோர்டைத் தொடவே பயந்தார், நான்தான் டைப் செய்து கொடுத்தேன் என்றார் மஞ்சுநாத். அவருக்கு எதுவும் தெரியாது. காசை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். அம்மா தடுக்கத் தடுக்க, போர்வை முதற்கொண்டு.

ஜூலை 21

யோசித்துப் பார்த்தால்—நான் கேட்டதும் குழந்தையைப் பற்றித்தானே. நான் கேட்டால் பயம், அவர் கேட்டால் சந்தையா?

இருந்தாலும் அந்த வேலைக் கேள்விக்கு மன்னிப்புக் கிடையாது.

ஜூலை 23, வெள்ளி

டாக்டர் பதில் போட்டிருக்கிறார்.

"திரு. ஆர்.கே., குழந்தைக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு, ஆனால் சிறியது. கர்ப்பத்திலேயே ஸ்கேனில் பார்த்துவிடலாம். வேலை: நீங்கள் செய்கிற எல்லாவற்றையும் அவரும் செய்யலாம், இடுப்பில் பலமாக அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் பெற்றோரிடம் சொல்வதா என்பதை அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். உடம்பு அவருடையது. கடைசியாக நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்களுக்கு எத்தனை கிட்னி? ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா?"

லீலா மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். நானும்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

ரவிக்குமார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். கக்கத்தில் பெரிய பழுப்பு உறை. அம்மா ஏதோ ஜாதகம் என்று நினைத்துக்கொண்டு காபி போட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

உறையைப் பிரித்து ஸ்கேன் படத்தைப் பாயில் வைத்தார்.

"எனக்கு ரெண்டு இருக்குதுங்க. ஆனா வலப்பக்கத்துல ஒரு கல்லு." பட்டாணி அளவாம். வெயிலில் நின்று வேலை செய்கிறவர், ஒர்க்‌ஷாப்பில் தண்ணீரே குடிப்பதில்லையாம்.

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. காபி டம்ளரை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அவர் தனக்குச் சம்மதம் என்றார். நான் கேட்டேன்:

"வேலை செய்ய முடியுமான்னு கேட்டீங்களே?"

முகம் சிவந்துவிட்டது. நான் படித்திருப்பேன் என்று நினைக்கவே இல்லை போலிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றி அவருக்குச் சொன்னதே நான்தானே!

"கேட்டனுங்க. வூட்டுல மாடு இருக்குது, அம்மாவுக்கு முட்டி வலி. தெரிஞ்சுக்கோணுமுன்னு நெனச்சேன். உங்ககிட்டயே கேட்டிருக்கோணும். அது தப்புத்தானுங்க."

தன் அப்பா அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். எனக்குச் சம்மதமா என்று கேட்டார். நானும் யோசிக்கணும் என்றேன். தலையாட்டிவிட்டு, இந்த முறை காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 3

பேசவில்லை. ரசத்தில் உப்பே இல்லை. கோபமா, என் கிட்னிக்காகவா என்று கேட்கவும் பயம்.

ஆகஸ்ட் 4, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வேலையிலிருந்து வந்தபோது அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த டாக்டர் இருக்கிற கடைக்கு என்னைக் கூட்டிப் போ என்றாள். டாக்டர் அங்கே இல்லை, பெங்களூரில் என்றால் கேட்கவில்லை. போனோம். மஞ்சுநாத் பெரிய நாற்காலி போட்டார். அம்மா திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். இவரிடம் ஒன்று கேட்டு எழுது என்றாள். என்ன என்றேன். மெதுவாகச் சொன்னாள், என் காதில் மட்டும்.

"உன்னைய வயித்துல வெச்சுக்கிட்டுத்தான் செங்கல் செமந்தேன். அப்ப உங்கப்பனுக்கு வேலை கெடைக்கல. ஒரு நா சாரத்துல இடிச்சுக்கிட்டேன். இடப்பக்கம்."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒன்றரை மாதமாக ஊருக்குத் தெரியக்கூடாது, மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று அம்மா பதறியது எல்லாம் கல்யாணத்துக்காக என்றுதானே நினைத்தேன்! எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

அதனால் வராது அம்மா என்றேன். நீ டாக்டரா என்றாள். எழுதினேன். முதல் முறையாகச் சொந்தப் பெயர் போட்டேன். உமாதேவி, மைசூர்.

ஆகஸ்ட் 7, சனி

பதில் வந்தது. அம்மாவை உட்காரவைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"உமாதேவி, இதை உங்கள் அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். கிட்னி உருவாவதும் உருவாகாமல் போவதும் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. பல சமயம் தான் கர்ப்பம் என்று தாய்க்கே தெரியாத நாட்கள் அவை. காரணம் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. செங்கல் சுமந்ததாலும் இடித்துக்கொண்டதாலும் இப்படி ஆகாது. அம்மா, நீங்கள் எதுவும் செய்யவில்லை. அவ்வளவு வேலைக்கு நடுவிலும் இவரை நன்றாகப் பெற்றிருக்கிறீர்கள்."

கடைசி வரியை இன்னொருமுறை படிக்கச்சொன்னாள். படித்தேன். "நல்லாத்தான் சொல்றாரு" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கித் தந்தாள். அப்புறம் குடத்தைக் காட்டி, போய்த் தண்ணி புடிச்சுட்டு வா என்றாள்.

என் விடுமுறை முடிந்தது.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

மல்லப்பனும் பசம்மாவும் ஹனூரிலிருந்து வந்தார்கள். பின்னால் ரவிக்குமார், தலையைக் குனிந்துகொண்டு. ஆடியில் நல்ல பேச்சுப் பேச வரமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல ஆடி பரவாயில்லை போலிருக்கிறது.

மல்லப்பன் சுற்றி வளைத்துப் பேசினார். பொண்ணு நல்ல பொண்ணு, குடும்பம் நல்ல குடும்பம், ஆனால் எங்களுடையது காட்டு வேலை, மாட்டு வேலை. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். குறை என்று தெரிந்தே எப்படிச் செய்வது?

அப்பா தரையைப் பார்த்தார். ரவிக்குமார் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். கையில் தோசைக் கரண்டி.

"குறைன்னு சொல்லாதீங்க. அதுக்கு ஒண்ணுதான் இருக்குது, அந்த ஒண்ணு நல்லா இருக்குதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. அதத் தெரிஞ்சு, உங்க பையன்கிட்ட அதுவா போயிச் சொல்லிச்சு. உங்க பையனுக்குக் கல்லு இருக்கறது உங்களுக்கே போன வாரந்தான தெரியும்?"

சமையலறையில் தோசை கருகும் வாசனை. யாரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் சிரித்தது பசம்மா. முட்டியைப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்க. அந்தக் கல்லையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்றார் தன் கணவரிடம். மல்லப்பன் மீசையைத் தடவினார். ரவிக்குமார் அப்போதுதான் பேசினார். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன், அவளுக்குச் சம்மதம் இருந்தால். இதுவரை அவள் சொல்லவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக யோசித்தது என்ன என்றால், சண்டை போட்டால் தப்பு என்று ஒத்துக்கொள்கிற ஆள், யோசிக்க வேண்டுமென்றால் அதை முகத்துக்கு நேரே சொல்கிற ஆள். இதைவிட வேறு என்ன வேண்டும்?

"சரி" என்றேன்.

மல்லப்பன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புரட்டாசி போகட்டும் என்றார். கருகாத தோசையாக மூன்று சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 9

லீலாவிடம் சொன்னேன். கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டாள். கிட்னியையும் சேர்த்து. பேக்கிங் பிரிவு மேஸ்திரி வந்து, தனக்கு முதுகு வலிக்கிறது, அந்த டாக்டரிடம் கேட்க முடியுமா என்றார்.

செப்டம்பர் 12

ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன். வலியில் உயிர் போய்விட்டது, ஆனால் கல் தானாக வெளியே வந்துவிட்டது என்றார். வாழ்த்துகள் என்றேன். வேறு என்ன சொல்வது? பொம்பளைகள் பிரசவ வலியை எப்படித்தான் தாங்குகிறீர்களோ என்றார். இந்த ஆள் தேறிவிடுவார்.

அக்டோபர் 20

கல்யாணத்துக்கு நான்கு நாள். கை முழுக்க மருதாணி. பேனா பிடிக்க முடியவில்லை. இதை லீலா எழுதுகிறாள். அவள் தமிழில் எவ்வளவு பிழை.

நவம்பர் 15, ஹனூர்

பால் கறக்கக் கற்றுக்கொள்கிறேன். மாடு என்னைவிட யோசிக்கிறது. ஒர்க்‌ஷாப் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்தால் இந்த ஆள் இத்தனை நாள் எப்படிப் பிழைத்தார் என்று தெரியவில்லை. மாமனார் இன்னும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் சந்தையிலிருந்து வரும்போது தர்பூசணி வாங்கிவந்து என் பக்கம் வைத்துவிட்டுப் போகிறார். கிட்னிக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் 7, செவ்வாய், அமாவாசை

மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். நான், அவர், அத்தை. மைசூரிலிருந்து அம்மாவும் கொள்ளேகால் வழியாக வந்து ஹனூரில் எங்களோடு சேர்ந்துகொண்டாள். வளைவுகளில் அம்மாவுக்கும் அத்தைக்கும் மாறி மாறி வாந்தி. அதிலேயே சிநேகம் முற்றிவிட்டது.

கோயிலில் நகராத வரிசை. எங்களுக்கு முன்னால் தாளவாடிப் பக்கத்து அம்மாள் ஒருவர், கூடை நிறையச் சாமந்திப்பூ. என்னைக் காட்டி யார் என்று கேட்டார்.

அத்தை முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க மருமவ. உமாதேவி. மைசூர்ல படிச்சது, ஒர்க்‌ஷாப்புக் கணக்கெல்லாம் அதுதான் பாக்குது. கிட்னி ஒண்ணு. காப்பி நல்லாப் போடும்."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை, பக்கத்திலேயே நின்றாள். கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்து உடைத்து அத்தைக்குப் பாதி கொடுத்தாள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காப்பிக்குப் பசும்பாலா எருமைப்பாலா என்று கேட்டார்.

பசும்பால் என்றேன். வரிசை நகர்ந்தது.